அடல் சுரங்கப் பாதைக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள்

மணாலிக்குச் சுற்றுலா போகும் நம்ம ஊர் நண்பர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் முதல் வாரத்தில், மலைக்கு அந்தப் பக்கம் லாஹூல் பள்ளத்தாக்கில் இருக்கும் கேலாங்கிலிருந்து மணாலிக்கு அரசுப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அடல் சுரங்கப் பாதைக்குள் பாதி தூரம் வந்ததும் பேருந்து நின்றுவிட்டது. முன்னால் ஒரு வேன். ஏழெட்டுப் பேர் இறங்கி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மச்சி, இன்னொரு தடவை" என்று ஒரு குரல் கேட்ட பிறகுதான் நம்ம ஆட்கள் என்று தெரிந்தது. என் பக்கத்து இருக்கையில் ஒரு லாஹூல் அம்மா, குலுவில் டாக்டரைப் பார்க்கப் போகிறவர். மடியில் எக்ஸ்ரே உறை. அதன் மடங்கிய ஓரத்தை விரலால் நீவி நீவி விட்டபடி இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாவுக்கு இந்தப் பாதை என்ன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தலைக்கு மேலே ரோதாங் கணவாய், 3,978 மீட்டர் உயரம். சுரங்கம் வருவதற்கு முன் லாஹூலிலிருந்து மணாலிக்கு வர அதுதான் வழி. பனி விழுந்தால் வருடத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கும். அப்போதெல்லாம் அந்த மாதங்களில் பிரசவமோ நெஞ்சுவலியோ வந்தால் ஹெலிகாப்டரை நம்பித்தான் இருக்க வேண்டியிருந்தது. வானிலை மோசமென்றால் அதுவும் வராது. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி இந்த 9.02 கிலோமீட்டர் திறந்த பிறகுதான் குளிர்காலத்திலும் வாசல் திறந்தது. எல்லைச் சாலைகள் அமைப்பு பத்து வருடம் குடைந்த மலை இது. செரி நாலா ஓடைக்குக் கீழே 587 மீட்டர் தூரம் பாறை உதிர்ந்து, தண்ணீர் கொட்டி, வேலை செய்தவர்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

ஆபத்தும் சொல்ல வேண்டும். போவதற்கும் வருவதற்கும் ஒரே குழாய்தான், சாலையின் அகலம் 8 மீட்டர். ஐரோப்பாவில் மோன் பிளாங்க் மலைச் சுரங்கமும் இப்படி ஒற்றைக் குழாய்தான். 1999 மார்ச் 24 அன்று மாவும் மார்கரினும் ஏற்றிப்போன ஒரு லாரி அதன் நடுவில் தீப்பிடித்து நின்றது. பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. 39 பேர் செத்துப்போனார்கள், பலர் காரை விட்டுக்கூட இறங்காமல். கொன்றது நெருப்பைவிடப் புகைதான்.

அடல் சுரங்கத்தில் சாலைக்கு அடியிலேயே தப்பிக்கும் பாதை இருக்கிறது. 500 மீட்டருக்கு ஒரு வழி, 150 மீட்டருக்கு ஒரு தொலைபேசி. புகையைப் பார்த்தால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு அந்த வழியைத் தேடிப் போங்கள். வண்டி பழுதானால் தவிர வேறு எதற்கும் உள்ளே நிற்காதீர்கள்.

படம் எடுக்க ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. வடக்கு வாயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிஸ்ஸு கிராமம். சந்திரா ஆறு, எதிரே அருவி, சுற்றிலும் பனிமலை. சரி, அங்கே இறங்கி எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்; குப்பையை மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். வாடகை வண்டியென்றால் மணாலியிலேயே டிரைவரிடம் சொல்லி வையுங்கள். "உள்ளே ரெண்டு நிமிஷம் நிறுத்தட்டுமா" என்று அவரே கேட்டாலும், வேண்டாம் அண்ணா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அந்தப் பேருந்தில் இருந்த ஒருவன்