மேல்மலைப் பள்ளியிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் 68 பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளியின் கணினி அறை இப்போது வாரம் ஐந்து நாளும் திறந்திருக்கிறது. கை கொடுத்தவர்கள் பலர். யார் கொடுத்தது என்ன வேலை செய்கிறது என்று விவரமாகவே எழுதிவிடுகிறோம். பக்கத்து ஊர்ப் பள்ளிகளுக்கும் உதவும்.

31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருடத்துக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும். மிச்சம் 22,500-ல் சாக்பீஸ், பதிவேடு, பந்து, இன்டர்நெட், பழுது எல்லாம் அடங்கவேண்டும். ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றினாலே பாதி போய்விடும்.

முதல் நன்றி, எர்த் குழி வெட்டிய பெற்றோருக்கு. லேப்டாப் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வரிசை அப்படித்தான். எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜர் போட்டால் லேப்டாப்பின் உலோக மூடி, தொடும் பிள்ளையின் விரலில் சுருக்கென்று கடிக்கும். ஆளைக் கொல்லும் கரண்ட் இல்லைதான். ஆனாலும் ஒரு தடவை கடி வாங்கிய பிள்ளை மறுபடி பக்கத்தில் வராது. எட்டடி ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். இங்கே நாலடியிலேயே பாறை. அதனால் மின்பணி தெரிந்த அண்ணன் சொன்னபடி இரண்டடி ஆழத்தில் இருபதடி நீளத்துக்கு வாய்க்கால் போல வெட்டி, ஜி.ஐ. பட்டையைப் படுக்கவைத்து மூடினார்கள். இடத்தையும் அவரே பார்த்துச் சொன்னார்: காலை உணவுத் தட்டு கழுவும் தண்ணீர் ஓடும் பக்கம். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, பங்குனி வெயிலில்கூட அங்கே ஈரம் நிற்கும். கடைசியில் பேஸ் ஒயருக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, பளிச்சென்று எரிகிறதா என்று பார்த்தார். மங்கினால் எர்த் போதவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனை தெரிந்தவர் கையால்தான் நடக்க வேண்டும்.

அடுத்து, ஒன்பது பழைய லேப்டாப் சேர்த்துக் கொடுத்த முன்னாள் மாணவர்களுக்கு. ஆறு ஓடுகின்றன, மூன்றைப் பிரித்து ராம், கீபோர்டு, விசிறி எடுத்துக்கொண்டோம். ஓடும் ஆறுக்கும் 4 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான 240 ஜிபி எஸ்.எஸ்.டி., அதில் லுபுண்டு என்ற இலவச இயங்குதளம். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டிருந்தால் திறக்கவே நாலைந்து நிமிடம் ஆகும். 40 நிமிடப் பாடவேளையில் அது பெரிய நஷ்டம். தமிழ்99 விசைப்பலகையும் அமைத்தாகிவிட்டது. இரண்டு லேப்டாப் சார்ஜர் இல்லாமல் வந்தன. இனி கொடுப்பவர்கள் சார்ஜரையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். 19 வோல்ட் ஒன்று, 19.5 வோல்ட் ஒன்று, முனை ஒவ்வொன்றும் ஒரு அளவு. மாறிப் போகாமல் இருக்க சார்ஜரிலும் லேப்டாப்பிலும் ஒரே எண்ணைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

சிஆர்2032 பட்டன் செல் ஒரு அட்டை வாங்கித் தந்த தங்கைக்குத் தனி நன்றி. சின்னப் பொருள்தான். மெஷினுக்குள் கடிகாரத்தை ஓடவைப்பது இதுதான். இந்தச் செல் தீர்ந்தால் மெஷின், ஒவ்வொரு தடவை கரண்ட் அறுந்ததும் தேதியை மறந்து 2009 என்றோ 2012 என்றோ காட்டும். உடனே எமிஸ் (பள்ளி விவரம் பதியும் அரசுத் தளம்) உட்பட எந்தத் தளமும் திறக்காது, “பாதுகாப்பான இணைப்பு இல்லை” என்று வரும். தளத்தின் சான்றிதழ் இன்ன தேதிமுதல் இன்ன தேதிவரை என்று இருக்கும், மெஷினின் தேதி அதற்கு வெளியே கிடக்கும், அதுதான் காரணம். நெட் போச்சு என்று நினைத்து ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவோம். மூலையில் மணியைப் பாருங்கள்.

இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரியும் கொடுத்த பூண்டு வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். என்றால் 1,800 வாட் மணி. பேட்டரி நீடிக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் உறிஞ்சக் கூடாது, எனவே 900. இன்வெர்ட்டரில் வீணாவதும் இந்தக் குளிரும் போக 650 என்று வைத்துக்கொள்கிறோம். பேட்டரிமேல் எழுதியிருப்பது 27 டிகிரிக்கான அளவு, மார்கழிக் காலையில் அது கிடைக்காது. ஒரு லேப்டாப் 35 வாட் வீதம் ஆறுக்கு 210, மற்றவற்றுக்கு 15, கூட்டினால் 225 வாட். ஆகமொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டெஸ்க்டாப்பாக இருந்தால் ஒரு மணி நேரமும் தாங்காது. அதனால்தான் டெஸ்க்டாப் தர முன்வந்தவர்களிடம் வேண்டாம் என்றோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, யு.பி.எஸ். என்றும் எக்கோ என்றும். சொந்த பேட்டரி செத்த லேப்டாப் எக்கோவில் கரண்ட் போகும் நொடியிலேயே அணைந்துவிடும். யு.பி.எஸ்.ஸில் வைத்தால் மாறுவதே தெரியாது. ஆனால் சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டு வோல்டேஜ் 180-க்குக் கீழ் இறங்கினால், யு.பி.எஸ். நிலையில் அது கரண்ட் இருந்தும் பேட்டரிக்குத் தாவி, காலைக்குள் காலியாக்கிவிடும். ஆகவே பள்ளி விட்டதும் எக்கோவுக்குத் தள்ளிவிட்டுப் பூட்டுவது என்று ஏற்பாடு. டிஸ்டில்டு வாட்டர் மாதம் ஒருமுறை பார்க்கிறோம், சுனைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஊற்றக் கூடாது.

மஞ்சு மூடும் நாட்களில் நெட்டை நம்ப முடியாது. காட்டுமாடு கம்பத்தில் உரசி நெட் டிஷ்ஷைத் திருப்பிவிடுவது வேறு கதை. அதற்குத்தான் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினியில், நெட் இல்லாமல் தளங்களைப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதும் இறக்கித் தந்த தம்பிகளுக்கு நன்றி. வைஃபை வழியாக ஆறு லேப்டாப்பும் நெட் இல்லாமலே படிக்கின்றன. போனில் பார்க்கும் ஆசிரியர்கள் மட்டும் “இணையம் இல்லை” என்ற அறிவிப்பு வரும்போது தொடர்பிலேயே இரு என்பதை அழுத்தணும், இல்லையேல் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குப் போய்விடும். சாதாரண போன் சார்ஜர் இதற்குப் போதாது, 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜரே வேண்டும். முறையாக அணைக்காமல் பிடுங்கினால் மெமரி கார்டு கெடும். படியெடுத்த இன்னொரு கார்டு தலைமை ஆசிரியர் மேசையில் இருக்கிறது.

லேப்டாப்பில் ஈரம் ஏறாமல் இருக்க பீரோவுக்குள் 15 வாட் பல்பு மாட்டித் தந்தவருக்கும் சிலிக்கா ஜெல் வாங்கித் தந்தவருக்கும் நன்றி. குளிர்ந்த லேப்டாப்பை வெளியே எடுத்ததும் போடாமல் அரை மணி நேரம் விட்டுப் போடுகிறோம், உள்ளே நீர் கோத்திருக்கும். ஜெல் நீலத்திலிருந்து ரோஸானால் வறுத்துக் காயவைக்கலாம், ஆனால் சமைக்கிற சட்டியில் கூடாது, அந்த நீலச் சாயம் நஞ்சு.

வத்தலக்குண்டிலிருந்து வாடகை வாங்காமல் சாமான் ஏற்றி வந்த ஜீப் அண்ணனுக்கும், எலி கடிக்காதபடி ஒயருக்குப் பைப் போட்டவருக்கும், கூட்டம்தோறும் டீ போட்ட அக்காக்களுக்கும் நன்றி.

வந்தவை எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறி, குழுத் தீர்மானத்திலும் பதிவாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். எர்த் போட்ட அண்ணனின் டெஸ்டரும் மஃப்ளரும் இங்கேயே கிடக்கின்றன. மழைக்கு முன் வந்து வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு,
கொடைக்கானல் மேல்மலை.