வெளியில் புலி, வீட்டில் எலி: சென்னையின் எஃப்.சி.க்கு ஒரு திறந்த மடல்

சென்னை, 9 டிசம்பர் 2024

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் உரிமையாளர்களுக்கும், தலைமைப் பயிற்சியாளர் ஓவன் கோய்ல் அவர்களுக்கும், கேப்டன் ரையன் எட்வர்ட்ஸுக்கும் அவருடைய தோழர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை இரவு ஈஸ்ட் பெங்காலிடம் 0-2 என்று தோற்றோம். அதற்கு முன்பு கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0-1. அதற்கும் முன்பு கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-3. மூன்று ஆட்டங்களில் ஆறு கோல்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒன்றைக்கூடப் போடாமல் நிற்கிறோம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பருவத்தின் 24 ஆட்டங்களில் பாதியை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். இதற்குமேல் ‘இப்போதுதானே தொடங்கியிருக்கிறது’ என்று எங்களை நாங்களே தேற்றிக்கொள்ள முடியாது. அதனால்தான் இந்த மடல்.

பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்க நான் இதை எழுதவில்லை. அப்படிக் கேட்கும் குரல்கள் எங்கள் கூட்டத்திலேயே எழத் தொடங்கிவிட்டன. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தின் முதல் இரண்டு மாதங்களில் நான் பார்த்த சென்னையின் அணி, பல ஆண்டுகளுக்குப் பிறகு துணிச்சலாக ஆடிய அணி. செப்டம்பர் 14 அன்று புவனேஸ்வரத்தில் ஒடிசாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கி பத்து நிமிடம் ஆவதற்குள் பெனால்டியில் பின்தங்கினோம். இடைவேளை முடிந்து வந்ததும் ஃபரூக் சௌத்ரி அடுத்தடுத்து இரண்டு கோல் அடித்தார், டேனியல் சிமா மூன்றாவதைப் போட்டார், 3-2 என்று முடித்தோம். அடுத்த மாதம் குவாஹாத்தியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடமும் இதே கதை: தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கினோம், பிறகு எழுந்து நின்று அதே 3-2. பின்தங்கிய பிறகும் தலை கவிழாத அணியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நவம்பர் 4 அன்று ஜாம்ஷெட்பூரில் 5-1. அந்த இரவு என் கைப்பேசிக்கு ஓய்வே இல்லை. கால்பந்து பக்கமே எட்டிப் பார்க்காத உறவினர்கள்கூட விசாரித்தார்கள்.

இந்த மூன்று வெற்றிகளையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். புவனேஸ்வரம், குவாஹாத்தி, ஜாம்ஷெட்பூர். மூன்றுமே வெளியூர்.

நம் சொந்த மைதானம் இருக்கும் பெரியமேட்டில் நடந்ததையும் பார்ப்போம். முகமதன் ஸ்போர்ட்டிங்கிடம் 0-1. நூற்றாண்டு கடந்த கிளப் அது, மறுக்கவில்லை. ஆனால் ஐ.எஸ்.எல்.லுக்கு இந்த ஆண்டுதான் புதிதாக வந்தது. இந்தத் தொடரில் அவர்களுடைய முதல் வெற்றியை நாம்தான் நம் வீட்டுக்கு அழைத்துக் கொடுத்து அனுப்பினோம். கோவாவுடன் 2-2, கோவா நன்றாக ஆடும் அணி, அந்த டிராவை நான் குறை சொல்ல மாட்டேன். மும்பையையும் வீழ்த்த முடியவில்லை. இப்போது ஈஸ்ட் பெங்கால். டிசம்பர் பிறந்துவிட்டது, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தில் இன்னும் ஒரு வெற்றி இல்லை. ‘வீட்டில் புலி, வெளியில் எலி’ என்று ஊரில் சொல்வார்கள். நாம் அதையும் தலைகீழாக்கிவிட்டோம்.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்த அணியின் பலம் ஓட்டம். எதிரணி தன் ரசிகர்கள் முன்னால் ஏறி ஆடும்போது அவர்களுடைய தடுப்பு வரிசைக்குப் பின்னால் இடம் காலியாகிறது. பந்தைப் பறித்தவுடன் கானர் ஷீல்ட்ஸ் தலை நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்க்கிறார், ஃபரூக்கும் இர்ஃபான் யட்வாடும் ஓடுகிறார்கள், வில்மர் ஜோர்டான் கில் முடித்துவைக்கிறார். இந்தியாவில் இவ்வளவு வேகமாக எதிர்த்தாக்குதல் நடத்தும் அணிகள் சிலதான். அக்டோபரில் வியட்நாமுக்கு எதிராக இந்தியாவுக்காக ஃபரூக் அடித்த கோலையும், நவம்பரில் மலேசியாவுக்கு எதிராக இர்ஃபான் தேசிய அணியில் அறிமுகமானதையும் பார்த்தால், இந்தப் பையன்கள் நம் கற்பனையில் மட்டும் பெரியவர்கள் அல்ல என்பது புரியும்.

ஆனால் பெரியமேட்டுக்கு வருகிறவர்களில் பலர் நம் ஆட்டத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். பின்னால் இறங்கி நின்று பந்தை நம் காலிலேயே விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் நமக்கு வழி தெரியாமல் போகிறது. பந்து வலது ஓரத்துக்குப் போகிறது, திரும்பி நடுவுக்கு வருகிறது, இடது ஓரத்துக்குப் போகிறது, கடைசியில் யாரோ ஒருவர் பொறுமையிழந்து ஒரு கிராஸ் போடுகிறார். உயரமான இரண்டு தடுப்பாளர்கள் அதைத் தலையால் முட்டி வெளியே அனுப்புகிறார்கள். முகமதனுடனான ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கிய பிறகு இதையே ஆட்டம் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். மூடிய கதவைத் திறக்க லூக்காஸ் பிரம்பில்லாவின் காலில் திறமை இருக்கிறது. ஆனால் அவர் பந்தை வாங்குவது பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு அருகில். எதிரணியின் பெனால்டி பெட்டிக்கு வெளியே, கோலைப் பார்த்தபடி அவர் பந்தை வாங்கும் தருணங்களை ஓர் ஆட்டத்தில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சிமா, வில்மர் இருவரையும் சேர்த்து இறக்கிப் பார்த்தால் என்ன என்று எங்கள் வரிசையில் ஒவ்வொரு ஆட்டத்திலும் விவாதம் நடக்கிறது. பயிற்சியாளரிடம் இதைவிட நல்ல யோசனை இருக்கலாம். இருந்தால் அதை நாங்கள் மைதானத்தில் பார்க்க விரும்புகிறோம்.

இரண்டாவது கவலை கடைசிப் பத்து நிமிடங்கள். மோகன் பகானிடம் 86ஆவது நிமிடம்வரை தாக்குப்பிடித்தோம். நவம்பர் 30 மாலை அது. ஃபெங்கல் புயல் கரை கடந்துகொண்டிருந்தது, விமான நிலையத்தையே மூடியிருந்தார்கள், சாலையெல்லாம் தண்ணீர். மின்சாரம் எப்போது போகுமோ என்ற பயத்தோடு கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு புள்ளி கிடைத்துவிடும் என்று நம்பத் தொடங்கிய நேரத்தில் ஜேசன் கம்மிங்ஸ் அடித்துவிட்டார். ஈஸ்ட் பெங்காலின் இரண்டாவது கோலும் 80ஆவது நிமிடத்துக்குப் பிறகுதான். கொச்சியில் மூன்றாவது கோல் கூடுதல் நேரத்தில் வந்தது. ஒடிசாவுடன் வென்ற ஆட்டத்திலும் கடைசி நொடிகளில் ஒன்றை வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தோம். இத்தனை முறை நடந்தால் அதைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. கால்கள் களைத்துவிடுகின்றன, மாற்று வீரர்கள் தாமதமாக வருகிறார்கள், அல்லது இரண்டும். உடற்தகுதிப் பயிற்சியாளரும் தலைமைப் பயிற்சியாளரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. எங்களால் கத்த மட்டும்தான் முடியும்.

இப்போது கோய்லை மாற்றச் சொல்லும் நண்பர்களுக்கு.

உங்கள் வாதம் எனக்குத் தெரியும். 2019இல் அப்போதைய பயிற்சியாளர் ஜான் கிரெகரி தொடக்கத்தில் தடுமாறினார், விலகினார், கோய்ல் வந்தார், அட்டவணையின் அடியில் கிடந்த அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அப்போது பலித்த வைத்தியம் இப்போது ஏன் பலிக்காது என்கிறீர்கள். அந்தப் பருவத்தை இன்னும் கொஞ்சம் உன்னிப்பாக நினைத்துப் பாருங்கள். முதல் நான்கு ஆட்டங்களில் நம் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்த அணிக்கு எந்த ஊரிலும் ஆடவே வரவில்லை. இன்றைய அணி ஜாம்ஷெட்பூரில் ஐந்து கோல் அடித்த அணி. அன்று கோய்ல் வந்து செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கிரிவெல்லாரோவுக்கு நடுவில் சுதந்திரம் கொடுத்தார், வால்ஸ்கிஸையும் சாங்டேயையும் முன்னால் ஓடவிட்டார். பழுது பார்க்கத் தெரிந்தவர் இப்போது நம்மிடமே இருக்கிறார். அவரை அனுப்பிவிட்டு ஜனவரியில் இன்னொருவர் வந்து வீரர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்வதற்குள் மார்ச் வந்துவிடும். ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு (லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான பரிசு) வாங்கிக் கொடுத்தவர், போன பருவத்தில் நம்மை நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பிளே-ஆஃபுக்கு அழைத்துப் போனவர். பருவம் முடியும்வரை அவரை விட்டுவைப்போம். கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இந்த கிளப்பின் வரலாறு அப்படிப்பட்டது. 2015இல் பாதிப் பருவத்தில் கடைசி இடத்தில் கிடந்தோம். டிசம்பர் வெள்ளத்தில் ஊரே மூழ்கியதால் நம் ‘சொந்த மைதான’ அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினோம், கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். பிறகு கோவாவில் கோவாவையே 3-2 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினோம். 2018இல் பெங்களூரில் பெங்களூரையே அதே 3-2. அடுத்த பருவத்தில் நடப்பு சாம்பியன் என்ற பெயரோடு கடைசி இடம். அதையும் பார்த்துவிட்டுத்தான் இங்கே நிற்கிறோம். வெளியூரில் கோப்பை வெல்வது நமக்குப் பழக்கம்தான், ஆனால் அதற்காக உள்ளூர் ஆட்டங்களை வெளியூர்க்காரர்களுக்கு எழுதிவைக்க வேண்டியதில்லை.

உரிமையாளர்களிடம் வேறொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தத் தோல்விகளுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, ஆனாலும் ஈஸ்ட் பெங்கால் வரும்போதெல்லாம் எனக்குள் அது கிளறிவிடும். வியாசர்பாடியின் பிள்ளை நந்தகுமார் சேகர் அந்தச் சிவப்பு-மஞ்சள் சட்டைக்குச் சொந்தக்காரர். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலை கொல்கத்தாவின் பாதி நகரம் கொண்டாடியது. டெல்லிக்கும் ஒடிசாவுக்கும் ஆடிவிட்டுத்தான் அங்கே போனார். நடுவில் சென்னையின் எஃப்.சி. என்ற நிறுத்தம் அவருடைய பாதையில் வரவில்லை. நம் மைதானத்திலிருந்து வியாசர்பாடிக்கு ஒரு ஆட்டோ தூரம். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக கோல் அடித்த தனபால் கணேஷும் அந்தத் தெருக்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்தான். அந்த கோலுக்கு மைதானம் அதிர்ந்ததை இன்னொரு முறை கேட்க ஆசை. சாங்டேயும் அனிருத் தாபாவும் நம் நீலச் சட்டையில் வளர்ந்து, மும்பைக்கும் மோகன் பகானுக்கும் போய்க் கோப்பைகள் வென்றதும் இதே கணக்கில்தான் வருகிறது. இர்ஃபானையாவது கையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரசிகர் கூட்டம் மெலிந்துவிட்டது என்று உங்களுக்கும் கவலை இருக்கும். சேப்பாக்கத்தை மஞ்சள் நிரப்பும் ஊரில் பெரியமேட்டை நீலம் நிரப்பவில்லையே என்று கேட்பவர்களிடம் என்ன சொல்வது? தடகளப் பாதைக்கு அப்பால், மைதானத்திலிருந்து தள்ளி உட்கார்ந்துதான் இங்கே ஆட்டம் பார்க்க வேண்டும். அந்த இடைவெளியையும் தாண்டி பி ஸ்டாண்டில் முரசு அடித்துப் பாடுகிறவர்கள் ஆட்டம் முடியும்வரை பாடிக்கொண்டேதான் இருக்கிறார்கள், 0-2 ஆன பிறகும். அவர்களுக்கு முதல் முறை வருகிற ஒரு பள்ளி மாணவனைக் கூட்டிவர முடிகிறது. அவனை இரண்டாம் முறை வரவைப்பது உள்ளூரில் ஒரு வெற்றி மட்டுமே.

அதற்கான வாய்ப்பு புதன்கிழமையே வருகிறது. 11ஆம் தேதி ஹைதராபாத் நம் மைதானத்துக்கு வருகிறது. அக்டோபரில் அவர்கள் ஊரில் 0-0 என்று பிரிந்தோம். பழைய ரசிகர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 2019 நவம்பரில் கோல் பஞ்சத்தில் நாம் தவித்த நாட்களிலும் பெரியமேட்டுக்கு வந்தது ஹைதராபாத்தான். 90 நிமிடம் முடிந்தும் 0-0. பிறகு கூடுதல் நேரத்தில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, கடைசியில் வால்ஸ்கிஸ் ஒன்று, 2-1. அந்த ஐந்து நிமிடங்களில் பட்ட பாடு போதும். இம்முறை அவ்வளவு நேரம் காக்கவைக்காதீர்கள்.

ஹைதராபாத்தும் பின்னால் இறங்கி நிற்கத்தான் போகிறது. பிரம்பில்லாவை இருபது கஜம் முன்னால் நிறுத்துங்கள். இர்ஃபானை முதல் நிமிடத்திலிருந்தே ஆடவிடுங்கள். 70ஆவது நிமிடத்தில் களைத்தவர்களை வெளியே எடுங்கள், 85ஆவது நிமிடத்தில் வேண்டாம். இவையெல்லாம் தவறான யோசனைகள் என்றால், ஆட்டம் முடிந்தபின் செய்தியாளர் சந்திப்பில் ஏன் தவறு என்று சொல்லுங்கள். ‘அடுத்த ஆட்டத்தில் பார்ப்போம்’ என்ற பதிலை மட்டும் மறுபடி தர வேண்டாம்.

இப்படிக்கு,
பி ஸ்டாண்டிலிருந்து ஒரு ரசிகன்