இவர் வேறு கால்டுவெல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் குதிரைப்படைத் தளபதிகளைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் ஹென்றி கிளே கால்டுவெல்லுக்கு இரண்டே வரிதான் கிடைத்திருந்தது. குமரி மாவட்டத்தில் கால்டுவெல் என்றால் இடையன்குடி ஆயரைத்தான் நினைப்பார்கள். இவர் வேறு ஆள். ஆனால் ஆலை பூட்டிச் சம்பளம் பாக்கி நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.

1832-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், அயோவாவில் வக்கீலானார். போர் மூண்டதும் மூன்றாம் அயோவா குதிரைப்படையில் மேஜராகச் சேர்ந்து கர்னல் வரை உயர்ந்தார். 1863 செப்டம்பரில் அர்கன்சாஸ் மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கைப் பிடித்த படையில் இருந்தார். மறு ஆண்டே லிங்கன் அவரை அர்கன்சாஸுக்கு மத்திய நீதிபதியாக்கினார். குதிரையேறிப் போன ஊரிலேயே நீதிபதி நாற்காலி! 1890 முதல் 1903 வரை, பல மாநிலங்கள் அடங்கிய எட்டாவது சர்க்யூட்டின் மத்திய நீதிபதி. போர்க்கதை போதும்; அவர் பெயர் நிற்பது கூலிக் கணக்கில்.

அன்று ரயில் கம்பெனி நொடித்தால், தண்டவாளம் முதல் எஞ்சின் வரை அடமானம் பிடித்திருந்த கடன் பத்திரக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் ரிசீவர், அதாவது கோர்ட் சார்பில் கம்பெனியை ஏற்று நடத்துபவர், வேண்டும் என்று கேட்பார்கள். ரிசீவர் வந்துவிட்டால் கோர்ட் அனுமதியின்றி அவர்மேல் வழக்குப் போட முடியாது. வண்டி ஓட்டியவரின் கூலியும், நிலக்கரி கொடுத்தவரின் பில்லும் அந்தரத்தில் தொங்கும். ‘ரிசீவர் வேண்டுமா, முதலில் கூலிப் பாக்கியையும் சரக்குப் பாக்கியையும் தீர்க்கச் சம்மதி’ என்று கால்டுவெல் நிபந்தனை போட்டார். அடமானச் சொத்து துருப்பிடிக்காமல் ஓடியதே இவர்கள் உழைப்பால்தானே! மெம்ஃபிஸ்-லிட்டில் ராக் ரயில்வே வழக்கில், 1884-ல், ரிசீவர்மேல் முன் அனுமதி இல்லாமலே வழக்குப் போடலாம் என்றார். 1887-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கியது. 1894-ல் யூனியன் பசிஃபிக் ரயில்வேயின் ரிசீவர்கள் கூலியைக் குறைக்கப் பார்த்தபோது, தொழிலாளர் தரப்பைக் கேட்காமல் குறைப்பதா என்று பழைய கூலி விகிதத்தையே நிலைக்கச் செய்தார்.

கூலிப் பாக்கிக்கு அமெரிக்கக் கோர்ட்டுகள் வழக்கமாக ஆறு மாதம் பின்னோக்கிப் பார்க்கும். எண்ணத் தொடங்குவது ரிசீவர் வந்த நாளிலிருந்து. நம் 2016-ஆம் ஆண்டு திவால் சட்டம், பிரிவு 53, தாராளமாக 24 மாதம் தருகிறது. அடமானத்தை விட்டுக்கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையும் தருகிறது. ஆனால் எண்ணுவது கம்பெனியைக் கலைக்கும் உத்தரவு நாளிலிருந்து. 2022 மார்ச்சில் பூட்டிய ஆலைக்கு 2024 ஜூனில் அந்த உத்தரவு வந்தால், பூட்டுவதற்கு முந்தைய கூலிப் பாக்கியில் ஒரு ரூபாய்கூட அந்த வரிசையில் சேராது. கீழே எஞ்சிய கடன்களோடு போய் விழும். திவால் மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து எண்ணும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும். நம் எம்.பி. இதை நாடாளுமன்றத்தில் கேட்கலாம்.

அதுவரை கையில் இருப்பதையாவது விடக்கூடாது. திவால் மனு ஏற்கப்பட்டதும் கம்பெனியை ஏற்று நடத்தும் இடைக்காலத் தீர்வாளர் நியமனமான 14 நாளுக்குள் ‘டி’ படிவத்தில் கோரிக்கை தர வேண்டும். பலர் சேர்ந்தால் பிரதிநிதி வழியாக ‘ஈ’ படிவம். பிந்தினாலும் குறைந்தது 90 நாள் வரை வாய்ப்புண்டு. வேலை பார்த்ததற்கு அத்தாட்சி, பாக்கி கேட்டு அனுப்பிய நோட்டீஸ் போன்ற ஆவணங்களை இணைக்க வேண்டும். பெரும்பாலும் இடறுவது இங்கேதான். முந்திரி ஆலையில் கிலோக் கணக்கில் பருப்பு உடைத்தவர்களின் பெயர் காண்டிராக்டர் நோட்டில் மட்டும் இருக்கும். கம்பெனிப் பதிவேட்டில் இராது. பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, கூலி ஏறிய வங்கிக் கணக்கு, இவற்றின் நகலை ஆலை ஓடும்போதே எடுத்து வைக்க வேண்டும். பி.எஃப். பணம் இந்தப் பங்கீட்டில் சேராது, அது தனி. இந்த விதிகள் கம்பெனிகளுக்கும் எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கும் மட்டுமே, தனி முதலாளியின் ஆலை என்றால் வழி வேறு.

திவால் அறிவிப்பு ஆங்கில நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் வரவேண்டும். பதிவு அலுவலகம் கொல்லத்தில் இருந்தால் அது அங்குள்ள மலையாளப் பதிப்போடு நின்றுவிடக்கூடும். நம் குமரி மாவட்டத்துக் கருங்கல்லிலும் தக்கலையிலும் அதை யார் பார்ப்பது? இங்கே ஆலை உள்ள கம்பெனி என்றால் அறிவிப்பை நாகர்கோவில் பதிப்பிலும் வெளியிடும்படி தீர்வாளரிடம் கேட்க விதியில் இடமுண்டு. தொழிற்சங்கங்கள் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் இருவர்,
நாகர்கோவில்.