தினமும் வலி மாத்திரை வேண்டாம், மதி

மயிலாப்பூர், சென்னை.

அன்பு மகள் மதிக்கு,

ஜிம்மில் சேர்ந்ததிலிருந்து இரவுதோறும் ஐபுபுரூஃபன் என்னும் வலி, அழற்சி மாத்திரையைப் போட்டுக்கொண்டே படுப்பதாக நீ சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை. போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பரங்கிமலைப் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது அதன் நார்களுக்குள் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. பளுவை நீ மெல்லக் கீழே இறக்கும்போதும் நடப்பது அதுவே. சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அங்கு வந்துவிடும்; அழற்சி தொடங்குவது இப்படித்தான். அவற்றின் பின்னால் வரும் மேக்ரோஃபேஜ்கள் என்னும் வேறுவகை வெள்ளணுக்கள் சிதைந்தவற்றை விழுங்கி அகற்றுவதோடு நிற்பதில்லை. தசைநாரின் சவ்வுக்கும் அதன் மேலுறைக்கும் இடையே சாட்டிலைட் செல்கள் என்னும் தசையின் குருத்தணுக்கள் ஒட்டிக் கிடக்கின்றன. 1961ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது கண்டு பெயரிட்டவை அவை. மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் பொருள்கள் இந்தச் செல்களை எழுப்பிப் பெருகச் செய்கின்றன. பிறகு அதே மேக்ரோஃபேஜ்கள் தம் குணத்தை மாற்றிக்கொண்டு, அழற்சியைத் தணித்து, பெருகிய செல்கள் முதிர்ந்து நாரோடு இணைவதற்குத் துணைநிற்கின்றன. இந்த மாற்றத்தைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நோய் எதிர்ப்பு எல்லை மீறாமல் அடக்கிவைக்கும் வெள்ளணுக்களான ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கும் இதில் பங்குண்டு. அவற்றைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி 2025இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஹார்வர்டில் டயான் மாதிஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், காயம்பட்ட எலித்தசையில் இச்செல்கள் திரள்வதையும், அவை சுரக்கும் ஆம்ஃபிரெகுலின் என்னும் புரதம் சாட்டிலைட் செல்களைத் தூண்டுவதையும் காட்டினர். உடற்பயிற்சி செய்த எலிகளில், இச்செல்கள் இல்லாதபோது இன்டர்ஃபெரான் காமா என்னும் அழற்சிப் புரதம் தசைக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்ததைப் பின்னர் 2023இல் அதே குழு கண்டது. எலியில் கண்டதையெல்லாம் அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் நினைவில் வை.

மாத்திரை பற்றிய ஆய்வோ மனிதர்களிடமே நடந்தது. ஸ்வீடனில் இளம் வயதினர் 8 வாரம் பளுப் பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபனும், மற்றொரு பிரிவினர் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் எடுத்துக்கொண்டனர். ஐபுபுரூஃபன் எடுத்தவர்களின் தொடைத்தசை வளர்ச்சி மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. என் வயதினருக்குக் கணக்கு வேறாக இருக்கலாம். நான் உன் வயதைப் பற்றியே பேசுகிறேன். என்றோ ஒரு நாள் தாங்க முடியாமல் ஒரு மாத்திரை போட்டால் குடி முழுகிவிடாது. பயிற்சி முடிந்தவுடன் வழக்கமாக அதை விழுங்குவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன், ஏனெனில் நீ அடக்க முயலும் அந்த அழற்சியில்தான் பழுதுபார்க்கும் வேலை தொடங்குகிறது.

பயிற்சிக்குப் பிந்தைய வலி பொதுவாக இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டித் தானாகத் தணியும். அதுவரை அதே தசைக்கு ஓய்வு கொடு, மெதுவாக நட, நன்றாகத் தூங்கு, பருப்பும் முட்டையும் தயிரும் குறைவில்லாமல் சாப்பிடு. வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போனால் மட்டும் காத்திராதே. தசை பெரிய அளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக அது இருக்கக்கூடும் என்பதால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போ, போகும் வழியிலேயே எனக்கும் போன் செய்.

அன்புடன்,
அப்பா