கொரியத் தியேட்டர்களைப் பற்றி ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘வெட்டரன் 2’ என்ற கொரியப் படத்தின் விமர்சனம் படித்தேன். சண்டைக் காட்சிகளைப் பற்றி எழுதியதில் எனக்குக் குறையில்லை. கடைசி வரிதான் மனதைச் சங்கடப்படுத்திவிட்டது. கொரிய சினிமாவுக்குக் கவலையே இல்லை, தியேட்டர்கள் நிரம்பி வழிகின்றன என்று எழுதியிருந்தீர்கள்.

ஏழு வருடமாகத் தென்கொரியாவின் தேஜோன் நகரத்தில் இருக்கிறேன். படம் வந்தது 2024 செப்டம்பரில், சூசொக் பண்டிகைக்கு. நமக்குப் பொங்கல் போல, குடும்பத்தோடு படத்துக்குப் போகிற நாட்கள். நான் போன மல்டிபிளெக்ஸில் திரும்பிய பக்கமெல்லாம் இதே படம். என் மனைவி பார்க்க நினைத்த சின்னப் படத்துக்குக் காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு காட்சி. இத்தனை திரை கொடுத்தும் வந்தவர்கள் சுமார் 75 லட்சம் பேர். 2015-இல் முதல் பாகத்தை 1.34 கோடி பேர் பார்த்தார்கள். இங்கே வெற்றியைத் தலை எண்ணித்தான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் நாடு முழுக்க 2019-இல் 22 கோடிக்கு மேல் டிக்கெட் போனது. 2024-இல் 12 கோடிச் சொச்சம்தான்.

கொரோனா வந்த பிறகு மூன்று முறை விலை ஏற்றினார்கள். வார இறுதியில் ஒரு டிக்கெட் 15,000 வோன். நடிகர் சொய் மின்-சிக்கே விலையைக் குறையுங்கள் என்று டிவியில் கேட்டார். என்னோடு வேலை பார்ப்பவர்களைப் படத்துக்குக் கூப்பிட்டால், “கொஞ்ச நாளில் ஓடிடியில் வந்துவிடுமே” என்கிறார்கள். எங்கள் தெருமுனைத் தியேட்டர் போன குளிர்காலத்தில் மூடிவிட்டது. நடந்தே போய்ப் பார்த்த தியேட்டர் அது. 2025 கான் திரைப்பட விழாவின் அதிகாரப்பூர்வத் தேர்வில் ஒரு கொரிய முழுநீளப் படம்கூட இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

அப்புறம், 2020-இல் ஆஸ்கர் சமயத்தில் ‘பாரசைட்’ இயக்குநர் பொங் ஜூன்-ஹோவைக் கட்டுரை முழுக்க ‘ஹோ’ என்றே எழுதினீர்கள். இங்கே குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். அப்போதே கடிதம் போட்டேன், வெளியிடவில்லை. சரி, இடமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இந்த முறை இயக்குநர் ரியூ சுங்-வான் ‘வான்’ ஆகிவிட்டார். கொரியப் படம் என்றாலே நம்மவர்கள் எங்கே எதைச் சுட்டார்கள் என்ற பட்டியல் வேறு. உழைத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு அவர்கள் பெயரையாவது சரியாகக் கொடுக்க வேண்டாமா? இருபது வருட வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அடுத்த இதழில் அவரை ரியூ என்று திருத்திப் போடுங்கள். பக்கத்திலேயே அந்த 75 லட்சத்தையும் போட்டுவிடுங்கள்.

தங்கள் வாசகன்,
தேஜோன், தென்கொரியா