புகையிரதப் பயணம் என்று விற்று நெடுஞ்சாலையில் கொண்டு சென்றமை தொடர்பான முறைப்பாடு

யாழ்ப்பாணம்,
2025.03.24

முகாமைப் பணிப்பாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

விடயம்: சிங்கப்பூர் – மலேசியா – தாய்லாந்து – லாவோஸ் புகையிரதச் சுற்றுலா, ஒப்புக்கொண்ட சேவை வழங்கப்படாமையும் பணம் மீளக் கோரலும்

தங்கள் நிறுவனம் கடந்த மாசி மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்துச் சென்ற மேற்படி சுற்றுலாவில் நானும் என் தமக்கையாரும் அத்தானும் முழுக் கட்டணம் செலுத்திப் பங்குபற்றினோம். திரும்பி வந்ததும் தங்கள் யாழ். கிளைக்கு நேரில் சென்று குறைகளைச் சொன்னேன். அங்கே கிடைத்த பதிலும், பின்னர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கிடைத்த விளக்கமும் திருப்தி தராதபடியால் இம்முறைப்பாட்டை எழுத்தில் தருகிறேன்.

இப்பயணத்தை இவ்வூரில் விற்பது தங்களுக்குக் கடினமாக இருக்கவில்லை. மலாயாவில் வேலை பார்த்து, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டிய பாட்டன்மார் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவு. என் பாட்டனாரும் பேராக் மாநிலத்தில் நிலைய அதிபராக இருந்து இளைப்பாறியவர். இதையறிந்துதான் தங்கள் கையேட்டின் முதற்பக்கத்தில், பாட்டனார் கொடி காட்டிய தண்டவாளத்திலே பேரப்பிள்ளைகள் பயணம் செய்யலாம் என்று அச்சிட்டிருந்தீர்கள். இதே நாடுகளுக்கு விமானத்தில் போய்வரும் சுற்றுலாக்களைவிடக் கட்டணம் கூடுதலாக இருப்பதேன் என்று முற்பணம் கட்டும்போது கேட்டேன். படுக்கை வசதியுள்ள புகையிரதச் சீட்டுகள், தமிழ் பேசும் வழிகாட்டி, ஒவ்வொரு தரிப்பிலும் பண்பாட்டு இடங்களைப் பார்ப்பதற்கான நேரம் ஆகியவற்றுக்காகவே அத்தொகை என்று தங்கள் உத்தியோகத்தர் விளக்கினார். அம்மூன்றையும் நம்பித்தான் பணம் கட்டினோம்.

கையேட்டைத் தயாரித்தவர் அந்தப் பாதையை அண்மையில் பார்த்திருக்கமாட்டார் என்ற சந்தேகம் சிங்கப்பூரிலேயே எழுந்தது. பயணம் தொடங்கும் இடமாகத் தஞ்சோங் பகார் நிலையத்தின் படத்தைப் போட்டிருந்தீர்கள். அந்நிலையத்துக்கு 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தோடு புகையிரதம் வருவது நின்றுவிட்டது. இப்போது எல்லையருகேயுள்ள வூட்லண்ட்ஸிலிருந்து மலேசிய எல்லை நகரான ஜொகூர்பாருவுக்கு ஐந்து நிமிடத்தில் கடக்கும் சிறு சேவை மாத்திரமே உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்குக்கூட எமக்குச் சீட்டு எடுக்கப்பட்டிருக்கவில்லை. பஸ்ஸில் ஏற்றப்பட்டுப் பாலத்து நெரிசலில் அரைநாளைக் கழித்தபின், ஜொகூர்பாருவிலிருந்து புகையிரதச் சந்தியான கெமாஸ் வரை பழைய ஒற்றைப் பாதையிலும், கெமாஸில் மாறி மின்சாரப் புகையிரதத்திலும் கோலாலம்பூர் போவதாகக் கையேட்டில் இருந்த பகுதியையும் அதே பஸ்ஸிலேயே நெடுஞ்சாலை வழியாக ஓடி முடித்தோம். கெமாஸ் சந்தியைப் பற்றிச் சிறுவயதில் கதை கதையாய்க் கேட்டவர்கள் எம்மிற் பலர். அந்த ஊர்ப் பெயரை வீதிப் பலகையிற்கூட நாம் காணவில்லை.

கோலாலம்பூரில் பிறிக்பீல்ட்ஸ் பகுதிக்கு ஒரு முழுக் காலை ஒதுக்கப்பட்டிருந்தது. இலங்கைத் தமிழர் 1904இல் நிறுவிய விவேகானந்தா ஆச்சிரமமும், எம்மவர்கள் யாழ்ப்பாண முறைப்படி பூசை நடத்திவரும் கந்தசுவாமி கோயிலும் அங்கேதான் உள்ளன. அன்று காலை எம்மை முதலில் சொக்லேற் கடைக்கும், அதன்பின் பத்திக் துணிக் கடைக்கும், அதன்பின் வெள்ளீயப் பாத்திரக் கடைக்கும் கூட்டிச் சென்றார்கள். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியப் பூசை முடிந்து கதவு சாத்தியாயிற்று. அருச்சனைத் தட்டோடு வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினோம். மத்தியானத்தில் கோயில் பூட்டும் என்பதை யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்றுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1910இல் கட்டப்பட்ட பழைய புகையிரத நிலையத்தையும் பஸ் கண்ணாடியூடாகவே பார்த்தோம்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரையான பகுதி ஒப்புக்கொண்டபடியே நடந்தது என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். மின்சாரப் புகையிரதம் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது, ஆசனங்கள் ஒரே பெட்டியில் இருந்தன, வெண்ணிறக் குவிமாடங்களோடு 1917இல் எழுந்த ஈப்போ நிலையத்தின் முன்னால் அத்தான் தம் வயதையும் மறந்து நின்று படம் எடுத்தார். ஆனால் அங்கிருந்து போகவேண்டிய தைப்பிங் நிகழ்ச்சிநிரலிலிருந்து காரணம் கூறப்படாமலே விடப்பட்டது. மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குத்தான் போடப்பட்டது. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பயனியர் என்னும் கட்டுமானப் படையினர் என்பதைத் தங்கள் கையேடே பெருமையாக எழுதியிருந்தது. எழுதிய இடத்துக்குக் கூட்டிச் செல்வதுதானே முறை?

அடுத்தது தென் தாய்லாந்து நகரான ஹட்யாய். இம்முறைப்பாட்டின் மிகப் பாரதூரமான பகுதி இதுவும் காஞ்சனபுரியில் நடந்ததுமாகும். மலேசிய–தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரிலிருந்து பாங்கொக் வரை இரவுப் படுக்கைப் புகையிரதத்தில் போவதென்றும், 60 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கீழ்ப்படுக்கை உறுதி என்றும் தங்கள் உறுதிச்சீட்டு கூறுகிறது. பாடாங் பெசாரில் இரு நாட்டுக் குடிவரவுக் கருமங்களும் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே முடிந்தன. அங்கிருந்து ஹட்யாய் வரை சிறிய உள்ளூர்ப் புகையிரதத்தில் ஏற்றினார்கள். ஹட்யாயில் இறங்கியபோது பாங்கொக் போகும் படுக்கைப் புகையிரதம் அடுத்த மேடையிலேயே நின்றது. பொலித்தீன் உறையில் கட்டிய விரிப்புகளும் கம்பளிகளும் யன்னலோரம் அடுக்கியிருந்தன. சீருடை அணிந்த ஊழியர் ஒருவர் படுக்கை இலக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டு நடந்தார். எங்கள் பெட்டி எதுவென்று கேட்டதற்கு வழிகாட்டி பதில் சொல்லாமல் பயணப்பொதிகளை வெளிவாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே பஸ் நின்றது. 900 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரத்தை இரவிரவாக அதில் இருந்தபடியே கடந்தோம். சலரோகமும் முழங்கால் வருத்தமும் உள்ள அத்தானுக்கு, பஸ்ஸின் பின்புறத்திலிருந்த கழிப்பறைக்கு ஒடுங்கிய படிகளில் இறங்கிப் போக முடியவில்லை. விடிய பாங்கொக்கில் இறங்கும்போது கால்கள் வீங்கிச் சப்பாத்து ஏறாமல், விடுதி வரை வெறுங்காலோடு வந்தார்.

புகையிரதத்தில் இடம் கிடைக்கவில்லை என்று தங்கள் கொழும்பு உத்தியோகத்தர் கூறினார். அச்சீட்டுகளைச் சாதாரணப் பயணி ஒருவரே பல வாரங்களுக்கு முன்பாகத் தாய்லாந்துப் புகையிரத சேவையின் இணையத்தளத்தில் எடுத்துக்கொள்ளலாம். நாங்களோ மார்கழியிலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். தவிரவும், எமது வற்புறுத்தலின்பேரில் வழிகாட்டி காட்டிய வட்சப் செய்தியில் பஸ் ஒழுங்குசெய்யப்பட்ட திகதி இருந்தது. நாங்கள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுவதற்கு முந்திய திகதி அது. அதன் படப்பிரதியை இணைத்துள்ளேன். ஆகவே, புகையிரதம் இல்லையென்று தெரிந்துகொண்டே எம்மை அனுப்பினீர்கள் என்ற முடிவுக்கு வருவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

பாங்கொக்கிலிருந்து புகையிரதத்தில் போவதாக இருந்த காஞ்சனபுரிக்கு, இடமில்லை என்ற சாட்டும் பொருந்தாது. பாங்கொக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து ‘நாம்தொக்’ என்னும் ஊர் வரை ஓடும் அந்தப் புகையிரதம் முன்பதிவே தேவைப்படாத மூன்றாம் வகுப்பு வண்டி. வெளிநாட்டவருக்குச் சீட்டு 100 பாத். குவாய் ஆற்றுப் பாலத்தின் மேலும், அதற்கப்பால் மலைச்சரிவை ஒட்டி மரக்கட்டைகள் தாங்கிநிற்கும் வம்போ பாதையிலும் அது மெதுவாக ஊர்ந்து செல்வதைப் பார்ப்பதற்கென்றே உலகெங்குமிருந்து சனங்கள் வருகிறார்கள். எம்மைச் சிறு பஸ்ஸில் கொண்டுபோய்ப் பாலத்தடியில் இறக்கி, படம் எடுத்துவிட்டுச் சீக்கிரம் வரும்படி சொன்னார்கள்.

அங்கே நாம் போக விரும்பியது பாலத்துக்காக மாத்திரமன்று. 1942இலும் 1943இலும் யப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் நீளமான சயாம்–பர்மா மரண ரயில் பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையாக மடிந்தார்கள். ஆசியத் தொழிலாளரின் இறப்பைப் பற்றிய மதிப்பீடுகள் வேறுபட்டாலும் அவற்றுட் சில 90,000ஐ எட்டுகின்றன. போர்க்கைதிகளுக்கு நகரின் நடுவே புல் வெட்டிப் பராமரிக்கப்படும் மயானம் உண்டு. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றுக்கும் கல். எம்மவர்க்கு அவ்வாறான கல்லறைகள் கிடைக்கவில்லை. அவர்களது எச்சங்கள் சேர்த்துப் புதைக்கப்பட்ட, அண்மையில் தமிழர் நினைவாக நடுகல் நிறுத்தப்பட்ட வாட் தாவோன் வராராம் விகாரை அதே நகரில்தான் இருக்கிறது. அங்கே ஒரு மணிநேரம் தரித்து அஞ்சலி செலுத்துவதாகத் தங்கள் கையேட்டில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். எம் குழுவிலிருந்த முதியவர் ஒருவரின் பெரிய தகப்பனார் சுங்கை சிப்புட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர். அம்முதியவர் தம் வீட்டிலிருந்தே திருநீறும் கற்பூரமும் கொண்டு வந்திருந்தார். அவ்விடத்தில் தேவாரம் பாடவேண்டுமென்று நாம் எல்லோரும் பேசி வைத்திருந்தோம்.

விகாரைக்கு எப்போது போகிறோம் என்று கேட்டபோது வழிகாட்டி தம்மிடமிருந்த தாளை விரித்துக் காட்டினார். தங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு ஆங்கிலத்தில் இருந்த அந்த நிகழ்ச்சிநிரலில் விகாரையும் இல்லை, தொன்புரிப் புகையிரதமும் இல்லை. அந்நேரத்துக்கு நேராக இரத்தினக்கல் விற்பனை நிலையம் என்றிருந்தது. தமிழ்க் கையேட்டை அருகில் வைத்துக் காட்டினோம். தமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று அவர் மரியாதையாகவே சொன்னார். தமிழ் பேசும் வழிகாட்டி பாடாங் பெசாரோடு விடைபெற்றுவிட்டார் என்பதையும் இவ்விடத்தில் பதிவுசெய்கிறேன். அதன்பின் ஒன்றரை மணிநேரம் அந்தக் கடையில் நீலக்கல் பார்த்தோம். இரத்தினபுரி உள்ள நாட்டிலிருந்து போனவர்களுக்கு நீலக்கல் காட்டியது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அந்த முதியவர் கடைக்குள் வராமல் பஸ்ஸிலேயே இருந்தார். எம்மிடம் வாங்கிய பணத்துக்கு மேலாக எம்மைக் கடைகளில் இறக்கியதற்கும் தங்களுக்குத் தரகு கிடைத்ததா என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு எழுத்தில் பதில் தருமாறு வேண்டுகிறேன்.

லாவோஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாங்கொக்கிலிருந்து வியந்தியானுக்கு இரவுப் புகையிரதமும், அங்கிருந்து 2021இல் திறக்கப்பட்ட புதிய பாதையில் லுவாங் பிரபாங் வரையான பயணமும் நன்றாக அமைந்தன. அந்நிலையங்களில் கத்தி, கத்தரிக்கோல், அமுக்கித் தெளிக்கும் போத்தல் மருந்துகள் ஆகியவற்றைப் பறித்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், தமக்கையாரின் பழைய பாக்குவெட்டியும் அத்தானின் நோவு மருந்தும் போயிராது. இது சிறு விடயம். இதற்குப் பணம் கேட்கவில்லை.

தங்கள் தரப்பு நியாயமாகச் சொல்லப்பட்டது, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்திலுள்ள வாசகம்: தவிர்க்கமுடியாத காரணங்களால் நிகழ்ச்சிநிரல் மாற்றப்படலாம். வெள்ளம் வந்து பாதை அடைபட்டாலோ, வேலைநிறுத்தம் நடந்தாலோ அவ்வாசகத்தை நானும் ஏற்றுக்கொள்வேன். ஓடாத புகையிரதத்துக்காகத் தங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஓடிய புகையிரதத்தில் ஏற்றாமல் விட்டதுதான் என் முறைப்பாடு. சீட்டு எடுக்காமல் விட்டதும், இரண்டு மொழிகளில் இரண்டு நிகழ்ச்சிநிரல்களை வைத்திருந்ததும், கோயில் பூட்டும் நேரத்துக்குக் கூட்டிச் சென்றதும் எந்த அகராதியிலும் தவிர்க்கமுடியாதவை ஆகா. அடுத்த இந்திய யாத்திரையில் பத்து வீதக் கழிவு தருவதாகச் சொன்னீர்கள். தங்களோடு மீண்டும் பயணம் செய்தால்தான் பெறக்கூடிய இழப்பீட்டை நாம் மூவரும் ஏற்கவில்லை.

எமது கோரிக்கைகள் இவை. வழங்கப்படாத புகையிரதப் பயணங்கள் அனைத்துக்கும், விடப்பட்ட தைப்பிங், வாட் தாவோன் தரிப்புகளுக்கும், தாய்லாந்தில் இல்லாத தமிழ் வழிகாட்டிக்கும் ஈடாக, நாம் மூவரும் செலுத்திய மொத்தத் தொகையில் மூன்றிலொரு பங்கைப் பணமாகவே மீளத் தரவேண்டும். அது அதிகம் என்று கருதினால், ஒவ்வொரு கட்டத்துக்கும் தாங்கள் உண்மையில் செலவிட்ட தொகையைச் சீட்டுப் பிரதிகளோடு காட்டுங்கள்; அதன்படி கணக்குப் பார்க்க ஆயத்தமாக இருக்கிறேன். ஆண்டுக்கணக்காகக் கணிதம் படிப்பித்தவள் என்பதால் அது எனக்குச் சிரமமாக இராது. மேலும், நடைபெறாத புகையிரதப் பயணங்களைக் காட்டும் அக்கையேட்டை வரும் ஆனிமாதக் குழுவுக்கு இப்போதும் தங்கள் கிளையில் விநியோகிக்கிறார்கள். அதை உடனடியாகத் திருத்தவேண்டும், அல்லது நிறுத்தவேண்டும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன். தவறும் பட்சத்தில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் முறையிடவேண்டும் என்ற கால எல்லை தாண்டுமுன்னர் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதோடு, தங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபைக்கும் இதே ஆவணங்களை அனுப்பிவைப்பேன். குழுவில் வந்த மற்றையோரும் தனித்தனியே எழுதவுள்ளார்கள்.

பற்றுச்சீட்டுகள், தமிழ்க் கையேடு, ஆங்கில நிகழ்ச்சிநிரலின் படம், வட்சப் செய்தியின் பிரதி, அத்தானின் வைத்தியச் சான்றிதழ் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன. மூலப்பிரதிகள் என்னிடம் உள்ளன. கிளைக்கு வந்து காட்டச் சொன்னால் காட்டுவேன், ஒப்படைக்க மாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணம்