செயலாளர் பொறுப்பை ஏற்றுக்கொள், கலா

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு உன் மாமியார் ஊன்றுகோலோடு வாசல்வரை நடந்து வருகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த வயதில் விழுந்தவர் எழுந்து நடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று தினமும் படம் எடுக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அம்மா நலம். ஈசூன் வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். வாரக் கடைசியில் நான் போய்வருகிறேன். மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நம் துறைக்கு வரவில்லை என்பதில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் மாவட்டத்து எக்ஸ்ரே, ஸ்கேன் பணியாளர் சங்கத்தில் உன்னைச் செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, மாலை நேரமெல்லாம் போய்விடும், வீட்டில் முணுமுணுப்பு எழும். ஏற்பதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். ஏற்றுக்கொள். இத்தனை ஆண்டுகள் இங்கே செயற்குழுவில் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நாம் படித்தபோது இடுப்புப் பகுதியைப் படம் எடுத்தால் இனப்பெருக்க உறுப்புகளின் மேல் ஈயத் தகடு வைக்க வேண்டும் என்று எவ்வளவு கண்டிப்பாகக் கற்பித்தார்கள்! குழந்தைகள் என்றால் இன்னும் கண்டிப்பு. 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், அந்த வழக்கத்தை வாடிக்கையாகச் செய்வதை நிறுத்தலாம் என்று அறிவித்தது. இன்றைய இயந்திரங்களில் கதிர்வீச்சின் அளவு முன்பிருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது. தகடு சற்று நகர்ந்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய எலும்பையே மறைத்துவிடும். மறுபடியும் படம் எடுக்க வேண்டிவரும். தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள இயந்திரமாக இருந்து, தகடு அதன் உணர்விக்கு மேல் வந்துவிட்டால், போதிய கதிர் வரவில்லை என்று கருதி இயந்திரம் கதிரைக் கூட்டிவிடும். பாதுகாப்புக்கென்று வைத்த பொருளே நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சைக் கொடுக்கும். பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் பிள்ளைகளுக்கு மரபுவழிக் கேடு வந்ததாக மனிதர்களிடம் கண்டறியப்படவும் இல்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனிலும் இதே திசையில் வழிகாட்டுதல் வந்தது.

பெரிய மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் சுற்றறிக்கையாக வந்துவிடும். ஓர் இயந்திரமும் ஓர் ஆளும் மட்டுமே உள்ள சிறு மருந்தகத்தில், அதாவது கிளினிக்கில், வேலை செய்பவருக்கு யார் சொல்வது? இயந்திரம் விற்ற நிறுவனம் சொல்லாது. முதலாளியான மருத்துவருக்கு நேரம் இருக்காது. சங்கத்துத் தொண்டூழியர்கள் வேலை முடிந்த பிறகு ஓர் அரங்கை ஏற்பாடு செய்து, ஓர் இயற்பியலாளரை அழைத்துப் பேசவைத்தால்தான் அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரும். அப்படி ஒரு மாலையில் நான் இருந்தேன். உரை முடிந்ததும், தனியார் மருந்தகத்தில் ஒற்றை ஆளாக வேலை பார்க்கும் ஒரு பெண்மணி எழுந்து, “குழந்தைக்குத் தகடு வைக்கவில்லை என்று தாய் கோபப்பட்டால் நான் என்ன சொல்வது?” என்று கேட்டார். விஞ்ஞானம் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. இந்தக் கேள்விக்கு யாரிடமும் தயாரான பதில் இல்லை. பிறகு அங்கிருந்தவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். ‘தகடு வைக்கத் தேவையில்லை’ என்று தொடங்கினால் தாய்க்குப் பயம்தான் வரும், ‘உங்கள் குழந்தைக்கு எவ்வளவு குறைவான கதிர் போதுமோ அதை மட்டும் தரும்படி அமைத்திருக்கிறேன்’ என்று தொடங்க வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அந்தப் பெண்மணி அதை எழுதிக்கொண்டார். எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாத உதவி அது. சங்கம் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

2003-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே 238 பேருக்கு சார்ஸ் தொற்றி 33 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் மருத்துவப் பணியாளர்கள் பலர். நோயைக் கண்டுபிடிக்க மார்பு எக்ஸ்ரேயைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனையை அந்த நோய்க்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். நடமாடும் இயந்திரத்தோடு வார்டுக்குள் போகும்போது நோயாளியைத் தொடுபவர் ஒருவர், இயந்திரத்தை மட்டும் தொடுபவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வது, படம் பதியும் கேசட்டுக்கு உறை போடுவது, உறையை எந்த வரிசையில் கழற்றுவது என்று ஒவ்வொன்றையும் அப்போது வேலையினூடேதான் கற்றோம். ஒரு மருத்துவமனை ஊழியர் இன்னொன்றுக்குப் போய்வரக் கட்டுப்பாடு இருந்த காலம். கூட்டங்களில் சந்தித்துப் பழகியிருந்ததால்தான் இரவில் தொலைபேசியில் அழைத்து ‘அங்கே எப்படிச் செய்கிறீர்கள்’ என்று நம்மால் கேட்க முடிந்தது. முன்பின் தெரியாதவரை நள்ளிரவில் யார் அழைப்பார்கள்? 2020-இல் கோவிட் கிருமித்தொற்று வந்தபோதும் அப்படித்தான். தங்கும் விடுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களில் தமிழர்களும் வங்காளிகளும் நிறைய இருந்தார்கள். ‘மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்கள்’ என்பது போன்ற சில கட்டளைகளை அவரவர் மொழியில், ஆங்கில உச்சரிப்புக் குறிப்போடு ஒரே தாளில் எழுதி நண்பர்கள் சிலர் சுற்றுக்கு விட்டார்கள். ஒருவர் ஓய்வு நாளில் செய்த வேலை அது.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் 2011-இல் நிறைவேறியது. முதலில் பதிவுக்குள் வந்தவை இயன்முறை சிகிச்சை, செயல்முறை சிகிச்சை, பேச்சு சிகிச்சை என்ற மூன்று துறைகள். நம் துறை அந்த முதல் வரிசையில் இல்லை. உங்கள் நாட்டில் 2021-இல் வந்த சட்டத்தில் நம் துறையும் அடங்கியிருக்கிறது. மாநிலந்தோறும் மன்றம் அமைக்கவும் வழி செய்திருக்கிறது. யார் இந்த வேலையைச் செய்யலாம், என்ன படித்திருக்க வேண்டும், எதுவரை செய்யலாம் என்பதை இனி எழுதப்போகிறார்கள், கலா. எழுதும்போது கருத்துக் கேட்டுக் கடிதம் அனுப்ப நம் தொழிலுக்கு ஒரு முகவரி வேண்டும். அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து, உறுப்பினர்களிடம் கேட்டு, தெளிவாகப் பதில் எழுதி, குறித்த தேதிக்குள் அனுப்ப ஒரு செயலாளர் வேண்டும். உன் கையெழுத்தையும் உன் நிதானத்தையும் அறிந்தவள் நான். உன்னைவிடப் பொருத்தமான ஆளை அவர்கள் எங்கே தேடுவார்கள்?

கூட்டம் போட்டால் ஆள் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான். ஷிப்டு முடித்துக் களைத்து வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சங்கங்களின் பதிவகம் இங்கே மாதிரி அமைப்பு விதிகளை வெளியிட்டிருக்கிறது. அதன்படி பொதுக்கூட்டத்துக்கு வாக்குரிமை உள்ளவர்களில் கால்வாசிப் பேர் அல்லது 30 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அரை மணி நேரம் ஒத்திவைக்க வேண்டும். அப்போதும் சேரவில்லை என்றால் வந்திருப்பவர்களே போதும் என்று கொண்டு கூட்டத்தை நடத்தலாம். ஆனால் அமைப்பு விதிகளைத் திருத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. இதை எழுதியவர் யாரோ, சங்கங்களின் வாழ்க்கையை நன்றாக அறிந்தவர். வந்தவர்கள் வேலையை நடத்திக்கொண்டு போகலாம்; வராதவர்களின் வீட்டு அஸ்திவாரத்தில் கைவைக்கக் கூடாது. உங்கள் சங்க விதியில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பார். இல்லாவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் நடக்காமலே தள்ளிப்போகும், அல்லது நான்கு பேர் கூடி எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள்.

அதே மாதிரி விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பொருளாளர் பற்றியது. மற்ற பொறுப்பாளர்கள் அடுத்த தவணைக்கும் அதே பதவியில் தொடரலாம். பொருளாளர் மட்டும் தொடரக் கூடாது. கணக்கு ஒருவர் கையிலேயே தங்கிவிடாமல் அது காக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு: அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் குறிப்பேடும் ரசீதும் சீராக இருக்கும். அப்பா இங்கே தமிழ்ச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதியதை நீ பார்த்திருக்கிறாய். தமிழ் முரசு நாளிதழின் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாள் நடத்தி, பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுச் சிறுகச் சிறுக நிதி திரட்டிய 1950-களில் வளர்ந்தவர் அவர். துறைமுகத் தொழிலாளி கொடுத்த ஒரு வெள்ளிக்கும் ரசீது உண்டு என்று பெருமையாகச் சொல்வார். சங்கம் என்றால் அவருக்கு அந்த ரசீதுதான். எனக்கும் அப்படியே.

நீ எதிர்பார்த்துத் தயாராக இருக்க வேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் சம்பளத்தையும் விடுப்பையும் தூக்கிக்கொண்டு உன்னிடம் வருவார்கள். இங்கே அதற்குத் தொழிற்சங்கம் தனியாக இருக்கிறது. எங்கள் சங்கம் தொழிலின் தரத்தையும் கல்வியையும் கவனிக்கிறது. உங்கள் ஊரில் இரண்டும் கலந்தே வரும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கும், அதனால் விரட்டிவிடாதே. ஆனால் எதைச் சங்கம் செய்ய முடியும், எதை முடியாது என்று முதல் நாளிலேயே சொல்லிவிடு. இன்னொன்று: பெரிய மருத்துவமனைக்காரர்களே குழுவை நிரப்பிவிட அனுமதிக்காதே. இங்கே பொதுத்துறையில் மூன்று சுகாதாரக் குழுமங்கள் இருக்கின்றன. அவற்றோடு தனியார் மருத்துவமனைகள், சிறு மருந்தகங்கள். செயற்குழுவில் ஒரே கட்டடத்து ஆட்கள் கூடிவிட்டால் மற்றவர்கள் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்குகிறவர்கள் யார் தெரியுமா? சங்கம் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவர்கள்தான்.

இளையவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ‘சங்கத்தால் எனக்கு என்ன கிடைக்கும்’ என்று அவர்கள் கேட்பது எனக்குத் தவறாகப் படவில்லை. பதவி கொடுக்காதே; முடிவு தேதி உள்ள சிறு வேலையைக் கொடு. கருத்தரங்கில் பெயர்ப் பதிவு மேசையை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்ன ஒரு பெண், அடுத்த ஆண்டு பேச்சாளர்களை அழைக்கும் பொறுப்பைத் தானாகவே கேட்டு வாங்கினாள். இன்று செயற்குழுவில் எனக்கு எதிராகத் துணிந்து வாதாடுகிறாள். அவள் பேசும்போது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! நவம்பர் 8, ராண்ட்கன் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த நாளில், புதியவர்களிடம் பேச என்னை அழைப்பார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டேலி எக்ஸ்ரே சோதனைகளால் கைகளை இழந்து 1904-இல் இறந்ததையும், கதிர்களால் உயிரிழந்த மருத்துவர்கள், தொழில்நுட்பப் பணியாளர்களின் பெயர்களைப் பொறித்து ஹாம்பர்க் நகரில் 1936-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தையும் சொல்வேன். பாதுகாப்பு அளவுகளைப் பரிந்துரைக்கும் பன்னாட்டு அமைப்பு 1928-இல்தான் தோன்றியது. அதற்கு முன் பலர் தங்கள் கையையே குறுக்கே நீட்டிக் கதிரைச் சோதித்தார்கள். உங்கள் சட்டையில் குத்தியிருக்கும், கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ், நம் உடல் வாங்கும் கதிர்வீச்சுக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பு, இவையெல்லாம் துறையில் இருந்தவர்கள் ஒன்றுகூடிப் பேசி வாங்கித் தந்தவை என்று சொல்லும்போது அவர்கள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

வீட்டு முணுமுணுப்புக்கு ஒரு வழி இருக்கிறது. வாரத்தில் எந்த மாலை சங்கத்துக்கு என்று வீட்டாரிடம் முன்பே சொல்லி, மற்ற மாலைகளில் சங்கத் தொலைபேசியை எடுக்காதே. இரண்டு ஆண்டுகளில் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று இப்போதே இருவரைக் குறித்துவைத்துக்கொண்டு, கடிதம் எழுதும்போதெல்லாம் அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவை.

ஏற்றுக்கொண்டதும் பழைய செயலாளரிடமிருந்து உறுப்பினர் பட்டியலையும் கூட்டக் குறிப்பேட்டையும் வாங்கிவிடு. பட்டியலில் தனி ஆளாக வேலை செய்கிறவர்களைத் தனியே குறித்து, அவர்களோடு முதலில் பேசு. டிசம்பரில் அண்ணன் மகள் திருமணத்துக்குத் திருச்சி வருகிறேன். உங்கள் உறுப்பினர்களைக் கூட்ட முடிந்தால் ஈயத் தகடு விஷயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறேன். படங்களோடு தயாராக வருவேன். கூட்டத்தின் தேதியை மட்டும் சீக்கிரம் முடிவு செய்து எழுது, டிக்கெட் எடுக்க வேண்டும். மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சாந்தி
சிங்கப்பூர்